கப்பலுக்குச் சூலம் பார்த்த வீடு

எங்கள் வீட்டில் எந்த முடிவும் ஜமுக்காளம் விரிக்காமல் எடுக்கப்பட்டதில்லை. ஆரணியில் பட்டுச்சேலை வியாபாரம் செய்கிற வீடு. தெருவைப் பார்த்த முன்னறைதான் கடை. சுவருக்குச் சுவர் ஜமுக்காளம் விரித்திருக்கும். கல்யாணத்துக்குச் சேலை எடுக்க வருகிறவர்கள் குடும்பத்தோடு வந்து அதில் உட்காருவார்கள். என் கணவரும் அவருடைய அண்ணனும் எதிரே உட்கார்ந்து சேலைகளை ஒவ்வொன்றாக விசிறிப் போடுவார்கள். கூட்டம் இல்லாத நேரத்தில் அதே இருவரும் அதே ஜமுக்காளத்தில் உட்கார்ந்து குடும்ப விஷயங்களை முடிவு செய்வார்கள். மகளுக்கு மாப்பிள்ளை பார்த்ததும் அங்கேதான், மாடிக்கு என்ன பெயிண்ட் என்று பேசியதும் அங்கேதான். மாடிக்கு இன்னும் பெயிண்ட் அடிக்கவில்லை.

சேலைகள் வருவது பக்கத்து ஊரான முள்ளிப்பட்டுத் தறிகளிலிருந்து. சாயம் போட்ட பட்டை நாங்கள் கொடுப்போம், அவர்கள் வீட்டிலேயே நெய்து தருவார்கள். உடலுக்கு எந்த நிறம், பார்டருக்கு எந்த நிறம், முந்தானை எப்படி என்று சேர்த்துச் சொல்வது நான். அதில் என் பேச்சுக்கு மறுபேச்சு கிடையாது. நான் சேர்த்த மாம்பழ மஞ்சளும் அரக்கும் எந்தெந்த ஊர்க் கல்யாணங்களுக்கோ போய் வந்துவிட்டன. நான் அதிகபட்சம் போனது சென்னையில் விசாவுக்கு நிற்கிற வரிசை வரைக்கும்.

விசா எதற்கு என்று சொல்லிவிடுகிறேன். எங்களுக்கு ஒரே மகள். கல்யாணமாகி நியூ ஜெர்சிக்குப் போய் ஆறு வருஷம். அவளுக்கும் வேலை, மாப்பிள்ளைக்கும் வேலை, நாலு வயதில் ஒரு பேத்தி. மூன்று வருஷத்துக்கு முன்னால் இரண்டு வாரம் வந்தாள். மாமியார் வீடு, நாத்தனார் வீடு, விருந்து என்று பத்து நாள் போனது. மிச்ச நாளில் நேரம் மாறிய அசதியில் தூங்கினாள். அவள் திரும்பிப் போன கையோடு எனக்கும் கணவருக்கும் விசா எடுத்தோம். அமெரிக்கா பத்து வருஷத்துக்கு முத்திரை குத்திக் கொடுத்துவிட்டது. எங்கள் வீட்டில்தான் பத்து நாள் அமையவில்லை. தையில் முகூர்த்தம், ஆனியில் முகூர்த்தம், ஐப்பசியில் தீபாவளி. நடுவே ஆடி வந்தால், ஆடியில் எங்கே பயணம் போவது என்பார்கள்.

இந்த வருஷம் தீபாவளி முடிந்த வாரம், மாடியில் நூல் பிரித்துக்கொண்டிருந்தபோது மகள் எனக்கு மட்டும் போன் செய்தாள்.

“டிசம்பர்ல எட்டு நாள் லீவு இருக்குதும்மா. நீங்க வீட்டுக்கு வந்தா அந்த எட்டு நாளும் நான் லேப்டாப்பத் தூக்கிகினு ஓடிகினேதான் இருப்பேன். கப்பல்ல போலாம். கரீபியன் பக்கம் ரெண்டு ரூட்டு இருக்குது. கெழக்க போற ரூட்டுல மூணு நாள் எங்கயும் நிக்காது, வெறும் கடல்தான். எனக்கு அதான் வோணும். ஒன்கூட ஒக்காந்து பேசணும்.”

“இன்னாடி பேசணும்?”

“ஒண்ணுமில்ல. சும்மா.”

சும்மா என்றுதான் சொன்னாள். பிறகு, “அப்பாகிட்ட நான் இதக் கேட்டேன்னு சொல்லிடாதம்மா. ரெண்டு ரூட்டும் அனுப்பறேன். அவரே பாத்து எடுத்தா மாதிரி இருக்கட்டும். இல்லன்னா பேஜார் பண்ணுவாரு” என்றாள்.

கரீபியன் உலகத்தில் எந்த மூலையில் இருக்கிறது என்றுகூட எனக்குத் தெரியாது. ஆனால் அந்த மூன்று நாள் எனக்கு வேண்டும் என்பது மட்டும் அந்த நிமிஷமே தெரிந்துவிட்டது. மற்ற ஊர்களைப் பார்த்தாலும் சரி, பார்க்காவிட்டாலும் சரி. ஆனால் அவள்தான் என் வாயைக் கட்டிவிட்டாளே.

ஞாயிற்றுக்கிழமை காலை ஜமுக்காளத்துக்கு எதிரே டிவியில் மகளும் மாப்பிள்ளையும் தெரிந்தார்கள். அங்கே சனி ராத்திரி. இந்தப் பக்கம் என் கணவர், பக்கத்தில் பெரியவர். பெரியவர் என்றால் கணவரின் அண்ணன். வீட்டில் எல்லோருக்கும் அவர் பெரியவர்தான். கப்பலில் போகப்போவது நானும் என் கணவரும். ஆனாலும் பெரியவர் இல்லாமல் எங்கள் வீட்டில் கொத்தமல்லிக் கட்டுகூடத் தீர்மானமாகாது. பெரியவரிடம் நான் நேராகப் பேசுவதில்லை. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அப்படித்தான். சொல்ல வேண்டியதை அவர் மனைவியிடம், அதாவது என் ஓரகத்தியிடம் சொல்வேன். அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாலும் ஓரகத்தி திரும்பி ஒரு முறை அதைச் சொன்ன பிறகுதான் அவர் காதில் விழும். அந்தக் காலையிலும் நாங்கள் இருவரும் உள்வாசலில் நின்றுகொண்டிருந்தோம்.

மகள் இரண்டு வழியையும் படத்தோடு காட்டினாள். ஒன்று கிழக்கு, ஃப்ளோரிடாவிலிருந்து சனிக்கிழமை கிளம்புகிறது, மூன்று தீவு, மூன்று நாள் கடல். இன்னொன்று மேற்கு, ஞாயிற்றுக்கிழமை கிளம்புகிறது, ஜமைக்கா, மெக்சிகோ என்று ஐந்து இடத்தில் நிற்கிறது, கடல் ஒரே நாள்.

“இது ரெண்டுதானா?” என்றார் என் கணவர்.

“இந்த ரெண்டு நல்லாருக்குதுப்பா.”

அவர் பெரியவரைப் பார்த்துச் சிரித்தார். பெரியவரும் சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்குத் தெரியும். எங்கள் தொழிலில் நல்ல சேலையை முதலில் காட்ட மாட்டார்கள். முதலில் விழுவது போன வருஷம் தேங்கிய சரக்கு. வந்தவர்கள் இருபது முப்பதைத் தள்ளிவிட்டு உதட்டைப் பிதுக்கிய பிறகுதான் உள்ளே இருக்கிற பீரோவைத் திறப்பார்கள். வாழ்நாள் முழுக்க இதைப் பிறருக்குச் செய்தவர்கள், கப்பல்காரனும் தங்களுக்கு அதையே செய்கிறான் என்று முடிவு கட்டிவிட்டார்கள்.

“இது பழைய சரக்கும்மா,” என்றார் கணவர். “உள்ள இருக்கறத எடுத்துக் காட்டச் சொல்லு.”

“அப்பா, இது வெப்சைட்டு. உள்ள ஒண்ணும் இல்ல.”

“இருக்கும். கேக்கற மாதிரி கேக்கணும்.”

பாவம் மாப்பிள்ளை, பொறுமைசாலி. கேட்டாரோ இல்லையோ, மறுநாள் இன்னும் நாலு வழி அனுப்பினார். அதற்கு அடுத்த நாள் ஐந்து. பதினொன்றையும் கணவர் பிரிண்ட் எடுத்து வந்து ஜமுக்காளத்தில் வரிசையாகப் பரப்பினார். சேலை எடுக்க வந்த செய்யாறு குடும்பம் ஒன்று அது ஏதோ புது டிசைன் புத்தகம் என்று நினைத்து ஒரு தாளை எடுத்து, இந்த நீலத்தில் இருக்குமா என்று கேட்டது. அது பஹாமாஸ்.

பெரியவருக்கு வேறு கவலை. சிறுவயதிலிருந்து கிரிக்கெட் பைத்தியம். “ஊரே வெஸ்ட் இண்டீஸ். அதுல ஈஸ்ட் எங்கேர்ந்து வந்துது?” என்று முதலில் கேட்டார். பிறகு தாள்களை எல்லாம் புரட்டிவிட்டு, “பார்படாஸ் இல்லாத கப்பல் இன்னா கப்பல்?” என்றார். மாப்பிள்ளை பார்படாஸ் போகிற ஒன்றைத் தேடிக் கொடுத்தார். அது கிளம்புகிற நாளில் மகளுக்கு லீவு இல்லை. அதனால் என்ன, லீவை மாற்றிக்கொள்ளட்டும் என்றார். இத்தனைக்கும் அவர் வரப்போவதில்லை. “நான் போலன்னா இன்னா? தம்பி பாத்துட்டு வந்து சொல்லுவான் இல்ல?” என்பது அவர் நியாயம்.

கணவர் எண்ணிக்கைக்காரர். மேற்கில் ஐந்து ஊர், கிழக்கில் மூன்று. “மூணு நாள் வெறும் தண்ணியா? தண்ணியப் பாக்கவா அவ்ளோ தூரம் போறது?” என்றார். இதைச் சொல்வது யார்? கமண்டல நாகநதியில் முழங்கால் அளவு தண்ணீர் வந்துவிட்டால் கடையை அப்படியே விட்டுவிட்டுப் பாலத்துக்கு ஓடி, ஊரோடு ஊராக நின்று வாயைப் பிளந்து பார்த்துவிட்டு, போட்டோவும் எடுத்து மகளுக்கு அனுப்புகிறவர். அதைச் சொல்லிக் காட்டத்தான் வாய் துடித்தது. மகளுக்குக் கொடுத்த வாக்கு நினைவுக்கு வந்து, போய் உலை வைத்தேன்.

அடுத்த நாள் பஸ் ஸ்டாண்டுப் பக்கமிருந்து நாலு குரங்குக் குல்லா வாங்கி வந்தார். வின்டர் குரூஸ் என்று போட்டிருக்கிறதே, குளிர் தாங்க வேண்டாமா?

“அங்க வெயில்ப்பா,” என்றாள் மகள். “டிசம்பர்ல நம்மூரு மாசி மாசம் மாதிரி இருக்கும். எல்லாம் கடல்ல குளிச்சிகினு இருப்பாங்க.”

“அப்ப எதுக்கு வின்டர்னு போடறான்? ஏமாத்தறானா?”

கப்பல்காரன் மேல் இருந்த சந்தேகம் இதனால் இன்னும் வலுத்தது. குல்லாக்களைக் கடைக்காரர் திருப்பி எடுத்துக்கொள்ளவில்லை.

என் ஓரகத்தியின் வருத்தம் மார்கழி. மார்கழியில் வீட்டுப் பெண் வாசலில் கோலம் போடாமல் ஊர் சுற்றலாமா என்று கேட்டாள். இத்தனை வருஷமும் வாசலில் கோலம் போடுவது அவள்தான், நான் இல்லை. அதைச் சொன்னதும் சோற்றுக்குத் தாவினாள். கப்பலில் என்ன அரிசி போடுகிறானோ, களம்பூர் அரிசி பத்து கிலோ எடுத்துப் போ என்றாள். கப்பலில் நாமே சமைக்க முடியாது அக்கா என்றேன். “அரிசிய அவங்ககிட்ட குடுத்து ஆக்கிக் குடுக்கச் சொல்லு. நம்ம அரிசின்னா வேணாம்னா சொல்லப் போறாங்க?” என்றாள். ஆயிரக்கணக்கான பேருக்குச் சமைக்கிற அடுப்படியில் என் பத்து கிலோ மட்டும் ஒரு மூலையில் தனியாகக் கொதிப்பதை நினைத்து எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவள் கோபித்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

இதற்குள் ஒரு வாரம் ஓடிவிட்டது. மாப்பிள்ளை அக்கறைப்பட்டு, கிழக்கு போகிற கப்பலில் பக்கத்துப் பக்கத்து அறை இரண்டைப் பிடித்து வைத்தார். வட்ட ஜன்னல் வைத்த அறைகள். பணம் கட்ட வியாழன் வரைக்கும் நேரம். இனி யாரும் எதையும் பேசாமல் இருந்தாலே என் மூன்று நாள் எனக்கு வந்துவிடும். பேசாமல் இருப்பது எங்கள் வீட்டில் நடக்கிற காரியமா?

திங்கட்கிழமை காலை பெரியவர் பஞ்சாங்கத்தோடு வந்து உட்கார்ந்தார்.

“சனிக்கெழம கெழக்க சூலம்,” என்றார்.

சூலம் இருக்கிற திசையில் அந்தக் கிழமையில் பயணம் போகக் கூடாது. ஆரணியிலிருந்து களம்பூருக்கு நெல் விலை விசாரிக்கப் போவதென்றாலும் அவர் சூலம் பார்ப்பார். கிழக்கு போகிற கப்பல் சனிக்கிழமை கிளம்புகிறது, அன்றைக்குக் கிழக்கே சூலம். சரி, மேற்கு போகிற கப்பலைப் பார்ப்போம் என்றால் அது ஞாயிற்றுக்கிழமை கிளம்புகிறது, அன்றைக்கு மேற்கே சூலம். எங்கள் வீட்டுப் பஞ்சாங்கத்தைப் பார்த்துத்தான் கப்பல்காரன் நாள் குறித்தானோ என்று எனக்கே தோன்றிவிட்டது.

மகள் டிவியில் வரைபடத்தைக் காட்டினாள். எந்தக் கப்பலாக இருந்தாலும் அங்கிருந்து முதலில் தெற்கேதான் கொஞ்சம் இறங்கும் என்றாள். உண்மையோ, அவளாக அடித்துவிட்டாளோ தெரியாது.

“அதெல்லாம் அப்புறம். தொறமொகத்துல கப்பல் எந்தப் பக்கம் மூஞ்சி வெச்சிகினு நிக்குது? அதச் சொல்லு,” என்றார் பெரியவர்.

மகளுக்குத் தெரியவில்லை. மாப்பிள்ளைக்கும் தெரியவில்லை. என் கணவர் குறுக்கே புகுந்து, அங்கே சனி சாயங்காலம் என்றால் இங்கே ஞாயிறு விடிகாலை ஆகிவிடுமே, அப்படியானால் ஞாயிற்றுக்கிழமைக் கணக்குதானே, கிழக்கே போகலாமே என்றார். அந்த மனுஷர் என் பக்கம் பேசியது அந்த வாரத்தில் அந்த ஒரு தடவைதான், அதுவும் தெரியாமல். பெரியவர் விடவில்லை. பஞ்சாங்கப்படி சூரியன் உதிக்கிற வரைக்கும் சனிக்கிழமைதான் என்று ஒரே போடாகப் போட்டுவிட்டார்.

“அப்ப சென்னைலேர்ந்து அமெரிக்கா போறதுக்குப் பாக்க வேணாமா பெரியப்பா?” என்று மகள் கேட்டாள். குரலில் களைப்பு.

“ஏரோப்ளேன் மேல போவுது. அதுக்குச் சூலம் கெடையாது.”

கடைசியில் பஞ்சாங்கமே வழி சொன்னது. சனிக்கிழமைக்குப் பரிகாரம் தயிர், ஞாயிற்றுக்கிழமைக்கு வெல்லம். சாப்பிட்டுவிட்டுக் கிளம்பலாம். தயிரா வெல்லமா, எது கப்பலில் கிடைக்கும் என்பதில் செவ்வாய்க்கிழமை போனது. புதன்கிழமை காலை இருவரும் ஒரு வழியாக இறங்கி வந்து, சரி, அந்தக் கிழக்கே இருக்கட்டும் என்றார்கள். நான் உள்ளே போய், யாரும் பார்க்காதபடி சாமி படத்துக்கு முன்னால் கையெடுத்துக் கும்பிட்டேன். வெளியே வருவதற்குள் அடுத்த யோசனை பிறந்திருந்தது.

“ஆனா இன்னாத்துக்கு வட்ட ஜன்னல்?” என்று டிவியில் மாப்பிள்ளையைப் பார்த்துக் கேட்டுக்கொண்டிருந்தார் கணவர். “பால்கனி வெச்ச ரூம் இருக்குது இல்ல? இதுக்கே அதக் குடுக்கச் சொல்லுங்க.”

“குடுக்க மாட்டாங்க மாமா.”

“அப்ப வேணாம்னு எழுந்துடுங்க.”

சேலைக் கடையில் எழுந்துகொள்வது என்று ஒன்று இருக்கிறது. எல்லாம் பேசி முடிந்து, சேலையும் பிடித்துப்போய், கடைசியில் விலை படியாமல் வாங்க வந்தவர் வேட்டியைத் தட்டிக்கொண்டு எழுந்துவிடுவார். மெதுவாகச் செருப்புப் போடுவார். வாசல்படி இறங்குவதற்குள் கடைக்காரர் கூப்பிட்டே ஆக வேண்டும். என் கணவரும் பெரியவரும் அப்படிப் படியிலிருந்து கூப்பிட்ட குடும்பங்கள் எத்தனையோ. கூப்பிடாமல் விட்டதாக எனக்கு ஞாபகமில்லை.

“மாமா, இது ஆன்லைன். கூப்புடறதுக்கு அங்க ஆளே இல்ல,” என்றார் மாப்பிள்ளை.

“ஆள் இல்லாம கப்பல் எப்டி ஓடும்?” என்றார் பெரியவர்.

மாப்பிள்ளை தலையை ஆட்டிவிட்டார். மாமனாரும் பெரிய மாமனாரும் சேர்ந்து சொல்கிறார்கள். மகள் என்னைப் பார்த்தாள். நான் ஓரகத்தியின் காதில், வேண்டாம் என்று சொல்லுங்கள் அக்கா, இருக்கிறதை விடவேண்டாம் என்று சொல்லுங்கள் என்றேன். அவள் அரிசிக் கோபத்தில் இருந்தாள். வாயைத் திறக்கவில்லை. வியாழக்கிழமை பணம் கட்டாமல் விட்டார்கள். அன்று முழுக்க இருவரும் ஜமுக்காளத்தில் சாய்ந்துகொண்டு, கப்பல்காரன் கூப்பிடுவான் என்று காத்திருந்தார்கள். நடுவில் கணவர் மகளுக்கு, “ஜல்தியா எதுவும் பேசிடாத, அவனே எறங்கி வருவான்” என்று ஒரு குரல் செய்தி வேறு அனுப்பினார்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் டிவியில் மகளின் முகத்தைப் பார்த்தபோதே தெரிந்துவிட்டது. இரண்டு அறையையும் வேறு யாரோ எடுத்துக்கொண்டார்கள். மேற்கு போகிற கப்பலும் நிரம்பிவிட்டது. மாப்பிள்ளை தேடித் தேடி, கிழக்குக் கப்பலிலேயே ஜன்னல் இல்லாத ஒரே ஒரு அறையைப் பிடித்திருந்தார். நாலு பேர் படுக்கலாம். அவர்கள் மூன்று பேர் போக, ஒரு ஆளுக்குத்தான் இடம்.

பெரியவர் தாள்களை எல்லாம் ஒன்றாக அடுக்கி, சேலை மடிப்பதைப் போல அழகாகத் தட்டி வைத்தார்.

“வுடு. அடுத்த வருஷம் பாத்துக்கலாம். எங்க போவப் போவுது கப்பல்?”

“சரி பெரியப்பா,” என்றாள் மகள். தலையைக் குனிந்துகொண்டாள். பேத்தியின் சட்டைப் பட்டனைப் போட்டுவிடுவது போல என்னமோ செய்தாள். பட்டன் ஏற்கெனவே போட்டுத்தான் இருந்தது.

நான் உள்வாசலைத் தாண்டி ஜமுக்காளத்தின் ஓரத்துக்கு வந்தேன்.

“மாமா, நான் போறேன்,” என்று பெரியவரைப் பார்த்துச் சொன்னேன்.

பெரியவர் நிமிர்ந்தார். வழக்கப்படி அதை யாராவது தனக்கு எடுத்துச் சொல்வார்கள் என்று ஓரகத்தியைப் பார்த்தார். அவள் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“நீயா? தனியாவா?” என்றார் என் கணவர்.

“எம்பொண்ணு கூட போறேன். அதுல தனியா இன்னா இருக்குது?”

“ஏர்ப்போர்ட்டு, பாஷ, இதெல்லாம்?”

“வீல் சேர் சொல்லிடறேன் அத்த, அவங்களே கூட்டிகினு வந்து வுட்டுடுவாங்க,” என்றார் மாப்பிள்ளை அந்தப் பக்கத்திலிருந்து. மகள் தலையைத் தூக்கவில்லை. ஆனால் கீபோர்டில் அவள் விரல் ஓடுகிற சத்தம் கேட்டது. யாரும் மறுப்பதற்குள் என் பெயரைப் போட்டு முடித்துவிட்டாள்.

அவ்வளவுதான். பதினொரு தாள், ஒரு பஞ்சாங்கம், நாலு குல்லாவை வைத்துக்கொண்டு இரண்டு வாரம் பேசியது கால் மணி நேரத்தில் முடிந்துவிட்டது. கிளம்புகிற அன்று கணவர் பெட்டியை அவரே கார் வரைக்கும் தூக்கி வந்தார். முகம் தொங்கிப்போயிருந்தது. என்னோடு வர அவருக்கும் ஆசைதான், அது எனக்குத் தெரியும். தானே கெடுத்துக்கொண்டது அவருக்கும் தெரியும். குரங்குக் குல்லா ஒன்றைக் கைப்பையில் வைத்து, “ஃப்ளைட்டுல குளிரும்” என்றார். வாங்கிக்கொண்டேன். பெரியவர் ஓரகத்தி மூலமாகத் தயிரை மறக்க வேண்டாம் என்று சொல்லி அனுப்பினார்.

நல்ல கால் இரண்டையும் வைத்துக்கொண்டு வீல் சேரில் உட்கார்ந்து மூன்று விமான நிலையங்களைத் தாண்டினேன். கப்பலில் ஏறிய பிறகு தயிர் தேடினேன், ஸ்ட்ராபெர்ரி போட்டதுதான் கிடைத்தது. அதையே சாப்பிட்டுவிட்டுக் கிழக்கே போனேன். அந்தத் தீவுகளைப் பற்றிக் கேட்காதீர்கள். வெயிலும் கடைகளும் தெரிந்தன.

முதல் கடல் நாளில் மகள் தூங்கினாள். மேல்தளத்தில் சாய்வு நாற்காலியில் படுத்தவள் சாப்பாட்டுக்குக்கூட எழுந்திருக்கவில்லை. நான் பக்கத்தில் உட்கார்ந்து அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டாவது கடல் நாளில் அவளுக்கு இந்தக் கதையைச் சொன்னேன். டிவிக்கு இந்தப் பக்கம் அவள் பார்க்காததை எல்லாம் சொன்னேன், பஹாமாஸை டிசைன் என்று கேட்ட குடும்பம், ஓரகத்தியின் அரிசி, படியில் நிற்கிற கணவருக்காகக் கப்பல்காரன் ஓடி வரவேண்டும் என்று காத்திருந்த வியாழக்கிழமை. பெரியவர் மாதிரி பேசிக்கூடக் காட்டினேன். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். இப்படிச் சிரிக்க வைக்கத்தான் நான் வந்தேன் என்று எனக்குப் பெருமையாக இருந்தது.

மூன்றாவது நாளும் அதையே ஆரம்பித்தேன். மாப்பிள்ளையும் பேத்தியும் நீச்சல் குளத்தில் இருந்தார்கள். அவள் சிரிக்கவில்லை.

“விசா வந்து மூணு வருஷம் ஆச்சும்மா,” என்றாள். “போன வருஷம் எனக்குக் கலைஞ்சிது இல்ல, அப்ப நீ வருவன்னு நெனச்சிகினு இருந்தேன். ஆஸ்பத்திரிலேர்ந்து வந்து, தெனம் நெனச்சிகினு இருந்தேன்.”

இந்தக் கதையில் அதை நான் எங்கேயும் சொல்லவில்லை. இரண்டாவதாக உண்டானது மூன்றாம் மாசம் கலைந்துபோனது. அப்போது தை மாசம். தினமும் போனில் பேசினேன், அழுதேன், கஷாயத்துக்கு என்னென்ன போட வேண்டும் என்று சொன்னேன். பாஸ்போர்ட் பீரோவில் என் சேலைகளுக்குக் கீழே இருந்தது.

“சீசன்டி அப்ப. அப்பா, பெரியப்பா, கடை...” என்று இழுத்தேன்.

“அப்பாகிட்ட கேட்டியாம்மா?”

போகக் கூடாது என்று அவர் சொல்லியிருப்பாரா? பெரியவர்தான் சொல்லியிருப்பாரா? சூலம் பார்த்திருப்பார், பரிகாரம் சொல்லியிருப்பார், பெட்டியை யாராவது தூக்கி வந்து காரில் வைத்திருப்பார்கள். அவர்களாக என்னை அனுப்புவார்கள் என்று நான் காத்திருந்தேன். அனுப்பவில்லை என்று மனதுக்குள் அவர்களைத் திட்டிக்கொண்டும் இருந்தேன்.

“கேக்கலடி,” என்றேன்.

அவள் என் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். எழுந்து போய் எதையாவது பார்க்கலாம், எதையாவது வாங்கலாம் என்று பார்த்தால், அன்று முழுக்கக் கப்பல் எங்கேயும் நிற்கவில்லை.